பழைய ரயில்பாதையில் ஒரு தற்செயல்

அப்பாவுக்குச் சீனி வருத்தம், டொக்டர் உடம்பை அசைக்கச் சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக ஆற்றங்கரையில் சைக்கிள் ஓடப் போவோம் என்று சிவகலா மகனிடம் சொன்னதில், சீனி வருத்தமும் டொக்டரும் மட்டும்தான் உண்மை. அந்தச் சீனியோடு அவளுடைய கணவர் பத்மநாதன் பல வருஷமாகச் சோபாவில் சமாதானமாகக் குடும்பம் நடத்தி வந்தார். டொக்டர் அசையச் சொன்னது மெய்தான். ஆனால் டொக்டர் சொன்னதை அந்த வீட்டில் எவரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

விஷயம் மகன் கஜீவன். வயது முப்பத்து நான்கு. சுவிஸின் ஓல்டன் நகரில் ரயில் பெட்டிகள் திருத்துகிற பட்டறையில் வேலை. நல்ல சம்பளம், நல்ல உயரம், பல்லும் வரிசை. இவ்வளவும் இருந்தும், பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் வாயைத் திறந்தால் ரயிலைத்தான் கதைத்தான். கடைசியாகப் போன வீட்டில், ரயில் சில்லு ஏன் சற்றுச் சரிவாகக் கடையப்பட்டிருக்கிறது என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கொட்டாவி விட்டாள். வாயைப் பொத்தாமலே விட்டாள். அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் அவன் தாயிடம், "அம்மா, இனி ஒருத்தருக்கும் என்னைக் காட்டாதேங்கோ," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் சிவகலா சமாளித்திருப்பாள். சிரித்துக்கொண்டு சொன்னான். அதை அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதமே தனி வீடு எடுத்துப் போய்விட்டான். ஒருநாள் கறி கொண்டுபோனவள் அவனுடைய குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். ஒரு சீஸ் கட்டி, இரண்டு யோகட், பாதி வெள்ளரிக்காய். அந்தப் பாதி வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். சிவகலா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஒருவரும் வந்து எட்டிப் பார்க்காத கிழவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் ரயிலையோ மாட்டையோ பற்றிக் கதைத்துக்கொண்டு திரிந்த வாலிபர்கள்தான். தன் பிள்ளை அந்தக் கதிரை வரிசையில் போய் உட்காரக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆகவே ஒரு தற்செயலுக்கு ஏற்பாடு செய்தாள்.

தற்செயல் என்பது எங்கள் ஆட்கள் மிகக் கவனமாகத் திட்டம் போட்டுச் செய்கிற காரியம். பெண்ணுக்கும் தெரியாமல், மாப்பிள்ளைக்கும் தெரியாமல், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் இடத்தில் எதேச்சையாக முட்டிக்கொள்வார்கள். பிடித்தால் பேச்சுத் தொடரும். பிடிக்காவிட்டால், ஒருவரும் ஒருவரையும் பார்க்க வரவில்லை, ஆகவே ஒருவரும் ஒருவரையும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மானம் மிச்சம். முன்பு இதற்குக் கோயில் வசதியாக இருந்தது. இப்போது சுவிஸ் கோயில் திருவிழாக்களில் சாமியைப் பார்க்கிறவர்களை விட, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள்தான் அதிகம். பிறகு சிறிது காலம் தளபாடக் கடைகளில் நடத்திப் பார்த்தார்கள். கட்டில் பகுதியில் இரண்டு குடும்பங்கள் எதேச்சையாகச் சந்தித்து, எல்லாரும் ஒரு பெரிய மெத்தையைப் பார்த்தபடி பேச்சில்லாமல் நின்ற பிறகு அதையும் கைவிட்டார்கள்.

ஆற்றங்கரைப் பாதையைக் கண்டுபிடித்தவர் கலியாணத் தரகர் ராசா அண்ணை. ஆரே ஆற்றின் ஓரமாக முன்பு ஒரு சின்ன ரயில் ஓடியது. அதை நிறுத்தி, தண்டவாளத்தைக் கழற்றி, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை போட்டுவிட்டார்கள். ரயில் போன தடம் என்பதால் ஏற்றமும் இறக்கமும் பேருக்குத்தான். எந்த வயதுத் தமிழ்த் தாயும் மூச்சு வாங்காமல் ஓடலாம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வேலி, குறுக்குத் தெருவும் கிடையாது. எதிரே வருகிறவர்கள் நினைத்தாலும் தப்பிப் போக முடியாது. தொழிலுக்கு இதைவிடத் தோதான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

பழைய ஸ்டேஷன் இப்போது கோப்பிக்கடை, அங்கே தாயும் மகளும் வருவார்கள், தாய் நீல ஜக்கெட் போட்டிருப்பாள், மிச்சம் உங்கள் கெட்டித்தனம் என்று ராசா அண்ணை தொலைபேசியில் சொன்னார். பெயர் மட்டும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். ஒருமுறை பெயரைச் சொன்னதற்கு, சிவகலா இணையத்தில் அந்தப் பெண்ணின் பழைய படங்களையெல்லாம் தோண்டி, ஒன்றில் பியர் கிளாஸைக் கண்டுபிடித்து, கைகூடி வந்த சம்பந்தத்தைக் கலைத்தவள். படமும் கிடையாது. பெண் வங்கியில் வேலை, தகப்பன் எஞ்சினியர், இருப்பது ஷாஃப்ஹவுசன், ஊரில் தீவுப் பக்கம், சாதகம் நல்ல பொருத்தம். விசாரிக்க வேண்டியதையெல்லாம் ராசா அண்ணையே விசாரித்து முடித்துவிட்டார்.

ஞாயிறு நல்ல வெயில். மின்சார சைக்கிள்கள் மூன்றை வாடகைக்கு எடுத்தார்கள். சிவகலா மிதியில் கால் வைத்ததுமே அது அவளைக் கேட்காமல் புறப்பட்டது. எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி "குருட்ஸி" என்று வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர்களைத் தாண்டிவிட்டாள். பத்மநாதன் தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டு, புதுத் தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை போல நிமிர்ந்து வந்தார். கஜீவன் இருவருக்கும் நடுவில், இந்த வளைவில் ரயில் எந்த வேகத்தில் போயிருக்கும் என்று ஒருவரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தான்.

ஸ்டேஷன் வந்தது. கூரை, மணிக்கூடு, மேடை எல்லாம் பழையபடியே இருந்தன. தண்டவாளம் கிடந்த இடத்தில் புல், புல்லில் இரண்டு சைக்கிள்கள். மேடை வாங்கில் நீல ஜக்கெட் போட்ட ஒரு தமிழ்ப் பெண்மணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள், முப்பது வயதுக்குள், சப்பாத்தைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். நீல ஜக்கெட்டைக் கண்ட சிவகலா, கோப்பிக்கடை எங்கே என்றுகூடத் தேடாமல் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தாள்.

"நீங்கள் தமிழோ?" என்று கேட்டாள். நெற்றியில் பொட்டும் மடியில் ரோல்ஸ் பெட்டியுமாக இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வி அல்ல, ஆனால் எங்கள் ஆட்கள் வேறு எப்படிக் கதையைத் தொடங்குவது? அந்தப் பெண்மணி, "ஓம், ஓம், வாங்கோ," என்று சொல்லியபடியே கஜீவனை உச்சியிலிருந்து குதிக்கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். கடைக் காசாளர் சாமானை மெஷினில் காட்டுவது போல ஒரே இழுப்பு. சிவகலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. உண்மையான தற்செயலில் எவரும் அப்படிப் பார்ப்பதில்லை. சந்தேகமே வேண்டாம், இவள்தான்.

அந்தப் பெண்மணியின் பெயர் தில்லைநாயகி. மகள் லக்சனா. ஆனால் இரண்டு தாய்மாரும் பெயர் கேட்கவில்லை. பெயர் கேட்டால் தேடி வந்தது போல ஆகிவிடும் அல்லவா.

எங்கே இருக்கிறீர்கள் என்று சிவகலா கேட்டாள். டீட்டிகோனில் என்றாள் தில்லைநாயகி. ஷாஃப்ஹவுசனை இப்படிக் கண் வெட்டாமல் மறைக்கிறாளே என்று சிவகலா உள்ளுக்குள் மெச்சினாள். கணவர் லொறி ஓட்டுகிறார், முழங்கால் ஒப்பரேஷன், அதனால் வரவில்லை என்றாள். எஞ்சினியரை லொறிச் சாரதியாக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மகள் பிசியோதெரபி செய்கிறாள் என்றபோது வங்கியும் போய்விட்டது. ஊரிலே வடமராட்சி என்றபோது சிவகலா கிட்டத்தட்டக் கைதட்டியிருப்பாள். ராசா அண்ணை சொன்னதில் ஒன்றுகூட மிச்சமில்லை. இவ்வளவு நேர்த்தியாகத் தற்செயல் செய்கிற சம்பந்தி யாருக்குக் கிடைக்கும்?

சாதாரணமாக "ஊரிலை எவடம்?" என்று சிவகலா கேட்டால் அது லேசான கேள்வி அல்ல. ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று ஒவ்வொரு படலையாகத் திறந்துகொண்டு போய், கடைசியில் சாதியின் அடுப்படியில்தான் நிற்கும். பாதி வழியிலேயே முகத்தை இறுக்கிக்கொண்டு விலகிவிடுவாள். இன்றைக்கு அந்த வேலை இல்லை. எல்லாம் விசாரித்து முத்திரை குத்தின ஆட்கள். அதனால் தன் ஊரையும் சொல்லிவிட்டு, மூக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, சும்மா கதைக்கத் தொடங்கினாள்.

அப்படிச் சும்மா கதைத்து எவ்வளவு காலமாயிற்று! தில்லைநாயகி தன் கட்டடத்து உடுப்புத் தோய்க்கிற அறையைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய முறை நாளில் மேல்மாடிக் கிழவி வந்து, மெஷினுக்குள் மஞ்சள் மணக்கிறது என்று மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாளாம். இவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாரம் ஒரு சட்டி கோழிக்கறியைக் கொடுத்தாளாம். இப்போது கிழவி தோய்க்கிற நாளையே மறந்துவிட்டுச் சட்டியோடு வந்து நிற்கிறாளாம். சிவகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தில்லைநாயகியின் கையிலிருந்து ரோல்ஸை வாங்கித் தின்றாள். தன் போத்தல் தேத்தண்ணியை அவளுடைய கோப்பையில் ஊற்றினாள். பத்மநாதன் சீனியை மறந்து, தில்லைநாயகி கொண்டுவந்திருந்த கேக் துண்டு ஒன்றில் ஈடுபட்டிருந்தார்.

இந்தப் பக்கம் கஜீவன் தொடங்கிவிட்டான். ரயிலுக்குச் சட்டென்று திரும்பத் தெரியாது, அதனால்தான் இந்தப் பாதையின் வளைவெல்லாம் இவ்வளவு பெரிது என்றான். சிவகலா கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவிக்குக் காத்திருந்தாள்.

கொட்டாவி வரவில்லை. "நான் நாள் முழுக்க ஆக்களின்ரை முதுகெலும்பைத்தான் பாக்கிறன்," என்றாள் லக்சனா. "அதுவும் உங்கடை ரயில் மாதிரித்தான். பெட்டி பெட்டியா. சடக்கெண்டு திருப்பினால் தடம் புரளும்."

கஜீவன் சிரித்தான். தாய்க்காகச் சிரிக்கிற சிரிப்பல்ல. தோள் குலுங்கியது. சிவகலா கண்ணைத் திறந்து பார்த்தபோது அவன் அந்தப் பெண்ணிடம் எந்த எலும்பு எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு இருவருமாகப் பழைய ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று நடந்து போனார்கள். கடவுளே, இது சரிவரட்டும் என்று சிவகலா நினைத்தாள். வெளியில், "நல்ல காத்து," என்றாள்.

அப்போது ராசா அண்ணை தொலைபேசியில் வந்தார். எங்கே நிற்கிறீர்கள், அவர்கள் ஒரு மணித்தியாலமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஸ்டேஷனில்தான் என்று சிவகலா எழும்பித் தள்ளிப்போய்ச் சொன்னாள். எந்த ஸ்டேஷனில் என்றார் அவர்.

பழைய ரயில்பாதை என்றால் அதில் பழைய ஸ்டேஷன் ஒன்றுதான் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? கோப்பிக்கடை இன்னும் மூன்று கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஸ்டேஷனில் இருந்தது. அங்கே நீல ஜக்கெட்டோடு ஒரு வங்கிக்காரியின் தாய் ஆறிய கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். இங்கே இருப்பது ராசா அண்ணையின் இன்னொரு ஏற்பாடு. நல்ல வெயில் நாள் என்று ஒரே பாதையில், ஒரே நீல ஜக்கெட் அடையாளத்தோடு, இரண்டு தற்செயல்களை வைத்துவிட்டார். இந்தப் பெண்ணுக்குப் பேர்ணில் சொந்தக் கம்பனி நடத்துகிற பையன் வருவதாக ஏற்பாடு. அவர்கள் ரயிலைத் தவறவிட்டுவிட்டார்கள், இப்போது வந்துகொண்டிருக்கிறார்கள்.

"அக்கா, உவையள் உங்களுக்குச் சரிவராத ஆக்கள். ஒண்டும் கதையாமல் அங்காலை வாங்கோ," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சிவகலா வாங்குக்குத் திரும்பி வந்தாள். ஒரு நிமிஷத்தில் தில்லைநாயகியின் தொலைபேசி அடித்தது. யார் என்று சிவகலாவுக்குக் கேட்கத் தேவையில்லை. தில்லைநாயகி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மடிந்து உள்ளே போயிற்று. தொலைபேசியை வைத்துவிட்டுச் சிவகலாவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீங்கள் ஊரிலை எவடம் எண்டு சொன்னனீங்கள்?"

சிவகலாவுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அவளுடைய சொந்தக் குரல். முதல் தடவை கேட்டது ஊரை. இப்போது கேட்பது ஊருக்குப் பின்னால் இருப்பதை. படலைகள் ஒவ்வொன்றாகத் திறபடப் போகின்றன, இந்தத் தடவை உள்ளே நிற்கிறவள் அவள். முகம் சுட்டது. இந்தக் கேள்வியை எத்தனை வாசலில், எத்தனை தாய்மாரின் முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள்! அவர்களுக்கும் இப்படித்தான் சுட்டிருக்கும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் வந்தது.

"அதே ஊர்தான், அக்கா," என்றாள். "ஒரு மணித்தியாலத்திலை மாறேல்லை."

தில்லைநாயகி ரோல்ஸ் பெட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, இரண்டு தரம் அமத்தினாள். பிள்ளைகள் பாலத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வெளிக்கிடு, போகவேண்டும் என்று தாய் கூப்பிட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாதை இருக்கிறது, இருவருமாக ஓடிப் பார்த்துவிட்டு வரப்போகிறோம் என்றாள் லக்சனா. தாய் அவளுடைய கையைப் பிடித்தாள்.

சிவகலாவின் தொலைபேசி மறுபடி அடித்தது. ராசா அண்ணை. வெளிக்கிட்டுவிட்டீர்களா என்று கேட்கத்தான்.

வாயை மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறினால் போதும். மூன்று கிலோமீட்டரில் வங்கி, எஞ்சினியர், சாதகம், எல்லாம் விசாரித்துச் சுத்தமாக இருக்கிறது. வாயைத் திறந்தால் அது போகும். இந்தப் பெண்மணியும் எழும்பிப் போவாள். என்னை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ என்று சொன்ன மகனுக்கும் எல்லாம் விளங்கிவிடும், பிறகு அவன் கதவைத் திறப்பானோ தெரியாது. சிவகலா மகனைப் பார்த்தாள். அவன் கையில் இரண்டு தலைக்கவசங்கள் இருந்தன. ஒன்று அவனுடையது, மற்றது அந்தப் பெண்ணுடையது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. தள்ளிப் போகவும் இல்லை. எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக அந்த மேடையில் நின்றே கதைத்தாள்.

"ராசா அண்ணை, நாங்கள் வரேல்லை. எங்களுக்குப் பொம்பிளை பாத்தாச்சு... ஆரெண்டு தெரியாது. என்ன ஆக்களெண்டும் தெரியாது. சாதகமும் தெரியாது. என்ரை பிள்ளை சிரிச்சவன். அது காணும்."

தொலைபேசியை அணைத்தாள். கேக் வெட்டிக்கொண்டிருந்த பத்மநாதனின் கரண்டி நடுவழியில் நின்றது.

கஜீவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப அப்பாவின்ரை சீனி?"

அது உண்மைதான் தம்பி என்றார் பத்மநாதன், வாய் நிறையக் கேக்கோடு.

லக்சனா தன் தாயின் பக்கம் திரும்பினாள். நீங்களுமா என்று கேட்டாள். தில்லைநாயகி மேடையின் கூரையை ஆராய்ந்தாள். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை எங்கே என்று மகள் கேட்டாள். அவர்கள் ரயிலைத் தவறவிட்டுவிட்டார்களாம் என்று தாய் மிகச் சின்னக் குரலில் சொன்னாள். கஜீவனுக்கு மூக்கால் சிரிப்பு வந்துவிட்டது. லக்சனா அவனை எரிப்பது போலப் பார்த்து, இது உனக்குத் தெரியுமா என்று ஜெர்மனில் கேட்டாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். அவள் அவனுடைய கையிலிருந்து தன் தலைக்கவசத்தைப் பறித்து மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். எங்கே போகிறாய் என்று தாய் கத்தினாள். உங்களை விட்டுத் தூரமாக என்று பதில் வந்தது.

கஜீவனும் ஏறினான். சிவகலா அறியாமலே இரண்டு அடி முன்னால் வைத்தாள். வாழ்நாள் முழுக்க அவனுக்குப் பின்னால் போய்ப் பழகிய கால்.

"அம்மா, பின்னாலை வராதேங்கோ," என்றான். உண்மையான கோபம். மிதித்துப் போய்விட்டான்.

வங்கிக்காரியையும் தொலைத்தாயிற்று, மகனையும் தொலைத்தாயிற்று என்றுதான் சிவகலா நினைத்தாள். வாங்கில் போய் விழுந்தாள். பக்கத்தில் தில்லைநாயகி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பாதையைப் பார்த்தார்கள். பாலத்தின் மேல் லக்சனா முன்னாலும் கஜீவன் பின்னாலுமாகப் போனார்கள். பிறகு அவன் எட்டிப் பிடித்தான். பக்கத்துக்குப் பக்கமாகி, இருவரும் கையை வீசி வீசி ஏதோ கதைத்தார்கள். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரர் வழி கிடைக்காமல் மணியை அடித்தார். இருவரும் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டினார்கள். அவர் இறங்கிக் கம்பியோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

"சண்டை பிடிக்கினமோ?" என்றாள் தில்லைநாயகி.

"எங்களைத்தான் திட்டுகினமாக்கும்," என்றாள் சிவகலா.

"ரெண்டு பேருமோ?"

"ஓம். ரெண்டு பேரும்."

தில்லைநாயகியின் தொலைபேசி அடித்தது. பேர்ண் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்களாக்கும். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது ஒருவரும் இல்லை. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்துவிட்டு, சிவகலாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, பெடியனுக்கு என்ன பேர்?"

சிவகலா சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்து, மகனின் பெயரை இரண்டாம் தடவையும் சொல்லவேண்டி வந்தது.